ஈரவலயத்தில் ஆவாரை

ஆவாரை இலங்கை உலர்வலயத்தின் செடி. மன்னார், புத்தளம், யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டை என்று கடற்காற்றும் கடுவெயிலும் சேர்ந்து அடிக்கும் தரைகளில், மணலிலும் சரளையிலும் உவர் ஏறிய ஓரங்களிலும் யாரும் நடாமலே நிற்கும். ஆளுயரத்துக்குப் போகும் புதர். இடம் வாய்த்தால் அதற்கு மேலும் வளரும். கபில நிறப் பட்டை, எட்டு முதல் பன்னிரண்டு சோடிச் சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை, கிளை நுனிதோறும் கொத்தாகப் பொன்மஞ்சள் பூ, பூவுக்குப் பின் காகிதம்போல் தட்டையான காய். இலைக்காம்பின் அடியில் காதுமடல் வடிவத்தில் அகன்று, உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இலையடிச் செதிலைக் கொண்டு, பூவில்லாத நாளிலும் இதை அடையாளம் காணலாம். சிங்களத்தில் ரணவரா. அந்தப் பெயரை அறியாத வீடு கண்டியில் குறைவு. காய்ந்த பூ பொட்டலமாகக் கடைக்கு வருகிறது, கொதிநீரில் ஊறுகிறது, ஒரு கடி கித்துள் கருப்பட்டியோடு குடிக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பூ பூத்த செடியைக் கண்டியின் வீட்டு வளவுகளில் தேடினால் கிடைப்பது அரிது. றோசாவும் அந்தூரியமும் பன்னமும் ஓர்க்கிட்டும் நிறைந்த ஊர் இது. நாள்தோறும் குடிக்கிற ஒரு பூவின் செடியை அந்த ஊர் முகம் பார்த்து அறியவில்லை என்பது சிறிய விஷயந்தான். இருந்தும் அது உறுத்துகிறது.

கண்டியின் தோட்டங்களுக்கு வெளியூர்ச் செடிகள்மீது வெறுப்பு இருந்ததில்லை. மூன்று பக்கமும் மகாவலி சுற்றியோடும் பேராதனை நிலத்தில் 1821இல் அலெக்சாண்டர் மூன் தாவரவியல் பூங்காவை அமைத்தார். 1824இல் அவர் வெளியிட்ட அட்டவணையிலேயே இலங்கைச் செடிகளும் வெளிநாட்டுச் செடிகளும் அக்கம்பக்கமாக இடம்பெற்றன. அதன்பின் வந்த பொறுப்பாளர்கள் காலத்தில் உலகின் வெப்பநாடுகள் பலவற்றிலிருந்தும் மரமும் செடியும் விதையும் வந்திறங்கின. பயிருக்கென்று வந்தவை பல. அழகுக்கென்று வந்தவை அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. இன்றைக்குக் கண்டியில் ஒரு மதிலோரத்தில் பொன்னிறப் பூ தெரிந்தால், அது பிரேசிலிலிருந்து வந்த அலமண்டாவாக இருக்கும். அல்லது அமெரிக்க வெப்பமண்டலத்து டெக்கோமாவாகவோ மஞ்சள் அலரியாகவோ இருக்கும். மஞ்சள் அலரி வறட்சிக்கும் வெயிலுக்கும் அசையாதது, ஆண்டு முழுவதும் பச்சையாய் நிற்பது. ஆனால் அதன் எல்லாப் பாகமும் கடும் நஞ்சு. குழந்தைகள் ஓடியாடும் வளவில் அதற்கு இடம் கொடுக்கவே கூடாது. வீதியோரச் சரிவுகளை ஆண்டின் சில மாதங்கள் மஞ்சளாக்கும் காட்டுச் சூரியகாந்தி மெக்சிக்கோப் பக்கத்துச் செடி. இன்னும் மேலே, நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும், முள்ளும் பொன்னிறப் பூவுமாய் நிற்கும் கோர்ஸ் ஐரோப்பாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்தது. அவர்களின் ஊர்ப் பொட்டல்களில் அது எவ்வளவு இயல்போ அவ்வளவு கேடு இங்கே: சமவெளியின் புல்வெளிக்குள் புகுந்து, வெட்ட வெட்டத் துளிர்த்து, மண்ணில் விதையை ஆண்டுக்கணக்கில் உறங்கவிட்டு, அகற்ற முடியாத களையாகிவிட்டது. ஆவாரையின் சொந்தப் பேரினத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகு மரமாகக் கொண்டுவரப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் முதுமலையிலும் வயநாட்டிலும் காட்டை அடைத்து நிற்கிறது.

இவற்றை எண்ணுகையில், அந்நியப் பூவைத் தள்ளி உள்நாட்டு ஆவாரையை நடுவதே சரி என்று சட்டென்று முடிவுகட்டத் தோன்றும். அந்த முடிவு அவ்வளவு உறுதியானதல்ல. ஆவாரை இலங்கைக்கு உரியது என்பது உண்மை. கண்டிக்கு உரியதா என்பது வேறு கேள்வி. தீவின் கரையைக் கோடாக வைத்து உள்நாட்டுச் செடி, வெளிநாட்டுச் செடி என்று பிரிப்பது அரசாங்கத்துக்கும் சுங்கத்துக்கும் வசதியான பிரிவு. செடிக்கு அந்தக் கோடு தெரியாது. அதற்குத் தெரிவது மழைக்கோடு. பேராதனையில் 1880 முதல் பணியாற்றிய ஹென்றி டிரைமன், இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தம் கைந்நூலில் ஒவ்வொரு செடிக்கும் அது உலர் பகுதியதா, ஈரப் பகுதியதா, மலைப் பகுதியதா என்று குறித்தார். வழக்கிலிருந்த சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தார். 1893 முதல் 1900 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்த நூலின் முறைப்படி பார்த்தால் ஆவாரைக்குச் சொந்த ஊர் இலங்கை என்பதைவிட உலர்நிலம் என்பதே பொருத்தம். பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமநாதபுரத்துச் செம்மண்ணிலும் புதுக்கோட்டைச் சரளையிலும் நிற்பதும் இதே செடிதான். மன்னாரின் ஆவாரைக்குக் கண்டி வளவைவிட இராமநாதபுரத்துத் தரிசே நெருக்கமானது.

காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் வந்த பாதையையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொள்ளைநோயிலும் தாகத்திலும் பட்டினியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அந்த நடையின் முதல் பகுதி, அவர்கள் விட்டுவந்த நிலத்தின் தொடர்ச்சி: அதே முட்புதர், அதே குளம், அதே ஆவாரை. மாத்தளையைத் தாண்டி ஏறினால் காற்றில் ஈரம் கூடும், மரம் உயரும், ஊரில் பழகிய செடிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். மனிதர் அதைத் தாண்டிப் போய் மழையிலும் அட்டைக்கடியிலும் ஐந்தாறு தலைமுறை வாழ்ந்துவிட்டார்கள். செடி பின்னால் வரவில்லை. பழந்தமிழ் நூல்களில் ஆவிரை என்ற பெயரில் வரும் இப்பூ, குறுந்தொகையில் மடலேறுபவன் தன் பனைமடல் குதிரைக்கு மாலையாக அணிவிக்கும் பூ. குறிஞ்சிப்பாட்டில் மலைநாட்டுப் பெண்கள் பாறையில் குவிக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களின் வரிசையிலும் அது இருக்கிறது. காந்தளும் ஆவிரையும் ஒரே பாறையில் கிடக்கும் அந்த மலையில், ஒரு முகம் ஈரமாயும் மறுமுகம் காய்ந்தும் இருந்திருக்க வேண்டும். மலை என்பதற்காக ஆவாரை விலகுவதில்லை; ஈரத்துக்காகவே விலகுகிறது.

கண்டியின் ஈரம் எவ்வளவு என்பதைப் பார்த்துவிடலாம். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை. மன்னாருக்கும் அம்பாந்தோட்டைக்கும் 1,000 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அளவைவிடப் பரவல் முக்கியம். உலர்வலயத்தில் ஆண்டின் பெரும்பகுதி மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்கள் வெயிலுக்கு. கண்டிக்கு மே முதல் தென்மேற்குப் பருவமழையின் தூறலும் மூட்டமும், ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல்தோறும் இடிமழை, அதைத் தொட்டு வடகீழ் மழை. சனவரியிலிருந்து மார்ச் வரை மட்டுமே ஆகாயம் ஓரளவு வெளுக்கும். அந்த மாதங்களில் புல் பழுப்பேறும், அந்தூரியம் வாடும், கிணறு இறங்கும், குழாயில் நீர் மெலியும். வறட்சி தாங்கும் செடி வேண்டும் என்று வீட்டுக்காரர் எண்ணத் தொடங்குவது இப்போதுதான். மூன்று மாதத் தேவைக்காக ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, மீதி ஒன்பது மாதம் அது விரும்பாத நீரில் அதை நிறுத்துவது நியாயமா என்ற ஐயம் எழுகிறது. வறட்சியைத் தாங்குவது என்று சொல்லும்போது, அது மற்ற எல்லாவற்றையும் தாங்கும் என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது ஒரு துன்பத்துக்கு மட்டும் பழகிய உடல். ஆழமாக இறங்கும் ஆணிவேர் நீர் இல்லாத காலத்துக்கான ஏற்பாடு. நீர் தேங்கும் மண்ணில் அதே வேர் மூச்சுத் திணறி அழுகும். கண்டியில் ஆவாரை செத்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் நவம்பர்தான்; மார்ச் அல்ல.

எனினும் கண்டி முழுவதும் ஒரே கண்டி அல்ல. ஹந்தானை மலையின் நிழல் விழும் பள்ளங்களும் பேராதனைப் பக்கத்து ஆற்றோரங்களும் ஒரு வகை. நகரத்திலிருந்து கிழக்கே குண்டசாலை, திகன, தெல்தெனிய என்று தும்பறைப் பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் வேறு வகை. அங்கே மழை குறைவு, வெயில் நீளம், காற்று உலர்வு, இடைவலயத்தின் நிலம். திகனப் பக்கம் தொலமைட்டு வெட்டியெடுக்கும் சுண்ணப்பாறைப் படலமும் ஓடுகிறது. கண்டியின் பொதுவான செங்கபில மண் புளிப்பு ஏறியது. சுண்ணம் கலந்த மண் ஆவாரைக்கு உவப்பானது. ஆகவே, விரும்பிய இடத்தில் நடும் வசதி இருப்பவர் தும்பறைப் பக்கம் பார்க்க வேண்டும். நகரத்துக்குள்தான் வளவு என்றால் அந்த வளவுக்குள்ளேயே ஒரு சிறு உலர்வலயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டி வீடுகள் பெரும்பாலும் சரிவில் கட்டப்பட்டவை. மண்ணைத் தாங்கக் கருங்கல் சுவர் இல்லாத வளவு குறைவு. அந்தச் சுவரின் தலைப்பகுதி, கிழக்கோ தெற்கோ பார்த்து, பலாமரத்தின் நிழல் படாமல் இருந்தால் அதுவே இடம். பெய்த நீர் நிற்காமல் கல்லிடுக்கு வழியே வெளியேறிவிடும். பகலில் சூடேறிய கல், மாலை ஈரத்தைக் கொஞ்சம் விரட்டும். கூரைத்தண்ணீர் விழும் இடம், பீலி முடியும் மூலை, கழிவுநீர் ஓடும் ஓரம் ஆகாது. குழி வெட்டும்போது மண்ணோடு சரிபாதி ஆற்றுமணலும் உடைகல்லும் கலந்து, தரைமட்டத்துக்கு ஒரு சாண் உயரமாகவே மேடு கட்டி நட வேண்டும். மாட்டெருவும் இலைமக்கும் அள்ளிப்போடும் பழக்கம் இங்கே உதவாது. கொழுத்த மண்ணில் இலை பெருகும், கிளை நீளும், பூ குறையும், நீண்ட கிளை முதல் பெருமழையில் சாயும். அவரைக் குடும்பத்துச் செடியாதலால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று சிலர் நம்புவதுண்டு. பெரும்பாலான சென்னா இனங்கள் வேர்முடிச்சு உண்டாக்குவதில்லை. அந்தப் பயனை எதிர்பார்த்து இதை நட வேண்டியதில்லை.

விதையிலிருந்து வளர்ப்பதே நல்ல வழி. முற்றிக் காய்ந்த காயை விரல்களுக்கிடையில் தேய்த்தால் மேலோடு சருகாய் உடைந்து, தட்டையான விதைகள் உதிரும். தோல் கடினம். அப்படியே மண்ணில் போட்டால் சில விதை முளைக்கும், பல கிடக்கும். கொதித்து இறக்கிய நீரில் போட்டு, நீர் ஆறி ஓர் இரவு கழியும்வரை ஊறவிட்டால் உயிருள்ள விதை உப்பிவிடும். உப்பாததை மணற்காகிதத்தில் ஒருமுறை உரசி மறுபடி ஊறவிடலாம். தாய்வேர் வேகமாக ஆழம் தேடுவதால் அகன்ற தட்டில் விதைத்துப் பிடுங்கி நடுவது சரிவராது. ஆழமான பொலித்தீன் பையில், மணல் கூடிய கலவையில், பைக்கு இரண்டு விதையாக ஊன்றி, பலவீனமானதைக் கிள்ளிவிட்டு, பையைக் கிழித்து மண் உடையாமல் குழியில் இறக்க வேண்டும். நடும் காலத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டக் கைப்பழக்கம் மழையோடு நடச் சொல்லும். ஒக்டோபர் மழையில் இளஞ்செடியைக் கண்டி மண்ணில் இறக்கினால், வேர் பிடிக்குமுன்னே கழுத்து அழுகும் ஆபத்து. இடிமழை முடிந்து வடகீழ் மழை தணியும் காலத்தில் நட்டு, வெயில் மாதங்களில் கையால் நீர் ஊற்றி, அடுத்த மே மாதத்துக்குள் வேரை ஆழத்துக்கு அனுப்பிவிடுவதே பாதுகாப்பு. வறட்சி தாங்கும் செடி என்று முதல் ஆண்டே தண்ணீரை நிறுத்துவோரும் உண்டு. அதன் தாங்கும் திறன் வேரில் இருக்கிறது. வேர் இறங்கும்வரை அது மற்றெந்த நாற்றையும்போல் வாடக்கூடியதுதான். ஒரு வருடம் கழிந்தபின் நீர்க்குடத்தை மறந்துவிடலாம். கண்டித் தோட்டக்காரருக்கு ஊற்றிப் பழக்கம். ஊற்றாமலிருப்பது கடினமான ஒழுக்கம்.

பூவை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஐந்து இதழ்களும் ஒரே அளவினவல்ல. விளிம்பு லேசாய்ச் சுருங்கி, நரம்புகள் செம்மஞ்சளாய் ஓடும். பத்து மகரந்தக் கேசரங்களில் மேலுள்ள மூன்று மலடு. மற்றவற்றின் மகரந்தப்பைகள் பிளப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும். தேன் கிடையாது. கருத்த தச்சுவண்டு வந்து பூவை இறுகப் பற்றி, சிறகை அசைக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். ரீங்காரத்தின் சுருதி சட்டென்று மாறுவது காதில் விழும். அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் தூளாய்ப் பீறி வண்டின் வயிற்றில் படியும். அதில் ஒரு பங்கு வண்டுக்கு உணவு. ஒரு பங்கு அடுத்த பூவுக்கு. இது நடக்க மகரந்தம் உலர்ந்திருக்க வேண்டும். மழையில் நனைந்த பூவில் துளை அடைபடும், வண்டும் வராது, இதழ் ஒன்றோடொன்று ஒட்டி, மாலைக்குள் பழுத்து விழும். ஆகவே கண்டியில் ஆவாரை பூப்பதற்கும் காய்ப்பதற்கும் இடையே ஒரு விரிசல் இருக்கிறது. பூ வரும், விதை அதே அளவில் வராது. மேலே சொன்ன கோர்ஸோடும் சூரியகாந்தியோடும் இதை ஒப்பிட்டால், இந்தக் குறையே கண்டிக் காடுகளுக்கு ஒரு காவல் என்று தோன்றும். கைவிட்டால் வளவைத் தாண்டிப் பரவும் செடியல்ல. கைவிட்டால் மறையும் செடி. ஆனால் ஓர் உயிர் தழைக்காததை அதன் நற்குணமாக எண்ணுவதில் ஏதோ நெருடல் இருக்கிறது. அந்த நெருடலைத் தீர்க்க வழியில்லை.

செடிக்கு வரும் விருந்தாளிகளில் வண்ணத்துப்பூச்சி முதன்மையானது. வெளிர்மஞ்சளும் வெண்பச்சையுமாய்ப் பறக்கும் கட்டோப்சிலியா இனங்களின் புழுக்கள் ஆவாரை உள்ளிட்ட சென்னா, கொன்றைச் செடிகளின் இலையைத் தின்று வளர்பவை. ஆண்டின் சில வாரங்களில் தீவின் குறுக்கே கூட்டங்கூட்டமாய் நகர்ந்து, சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போவதாக மக்கள் சொல்லும் வண்ணத்துப்பூச்சிகளில் பெருந்தொகை இவைதான். கண்டி வானத்தையும் கடந்தே போகின்றன. அவற்றில் ஒன்று இறங்கி, துளிரிலையில் ஒற்றை வெண்முட்டையை நிறுத்தி வைத்துவிட்டுப் போனால், சில நாளில் இலையின் பச்சையிலேயே பச்சைப்புழு தென்படும். இலைக்காம்பில் ஒவ்வொரு சிற்றிலைச் சோடிக்கும் நடுவே ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதில் கசியும் இனிப்புக்காக எறும்புகள் ஏறி இறங்கும். எறும்பு காவல், புழு களவு என்று அந்தக் காம்பில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். மருந்தடிக்கத் தேவையில்லை. இலை தின்னப்பட்ட ஆவாரை மறுபடி தளிர்க்கும். பூச்சிமருந்து பட்ட பூவைத் தேத்தண்ணிக்குப் பறிக்கவும் கூடாது. உலர்வலயத்திலிருந்து தானாக வரக்கூடியது இந்தப் பூச்சி ஒன்றே. அது வந்து இறங்க இங்கே ஒரு செடி இருப்பது, நடுவதா வேண்டாமா என்ற ஐயத்தில் நடுவதன் பக்கம் சற்றுக் கனம் சேர்க்கிறது.

பூ புதுத்தளிரின் நுனியில் வருவதால் ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிவிடுவது அவசியம். பூவெடுப்பு ஒன்று முடிந்ததும் கிளையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் புதர் அடர்த்தியாகும். மே மாதக் காற்றிலும் சாயாது. உள்ளே காற்றோட்டம் கிடைப்பதால் இலைப்புள்ளி நோயும் குறையும். ஈர ஊரில் இதுதான் பெரிய இலாபம். வேலியாக வைப்பதானால் செடிக்குச் செடி ஒரு மீட்டர் விடலாம். தனிச்செடிக்கு அதைவிடத் தாராளம் வேண்டும். வெட்டிய தடித்த கிளையின் பட்டையை உரித்தால் நாவைச் சுருக்கும் துவர்ப்பு. இந்தத் துவர்ப்பை நம்பித்தான் ஒரு காலத்தில் தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழிலின் பெரும்பகுதி நடந்தது. ஆவாரம்பட்டையை வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். பிறகு தென்னாபிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பூப்பறிப்பு காலையில், பனி உலர்ந்து வெயில் ஏறுமுன். அன்று மலர்ந்ததை மட்டும் எடுத்து, மொட்டை விட்டுவிட வேண்டும். மன்னார் வெயிலில் பாயில் பரப்பினால் இரண்டொரு நாளில் சருகாகும் பூ, கண்டியில் அப்படிக் காய்வதில்லை. வெளியே பரப்பிய பூவில் மாலை ஈரம் ஏறி, மறுநாள் கறுத்து, பூஞ்சணம் பிடிக்கும். சல்லடைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோடும் தாழ்வாரத்திலோ அடுப்பின் மேற்பரணிலோ வைத்து, கையில் நொறுங்கும்வரை உலர்த்தி, இறுக்கமான போத்தலில் அடைத்துவிட வேண்டும். ஒரு கோப்பை கொதிநீருக்கு ஒரு சிட்டிகை போதும். நீர் இளம்பொன் நிறமாகும். சுவையில் மெல்லிய துவர்ப்பும் காய்ந்த புல்லின் மணமும் இருக்கும். சர்க்கரை நோய்க்கு நல்லதென்று சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அந்த நோய்க்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் நாள்தோறும் குடிக்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஈர ஊரில் ஒரு புதர் உலர்நிலத்தில் நிற்கும் அளவு நீண்டகாலம் நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆதலால் நல்ல வெயில் அடித்த ஆண்டில் முற்றும் காய்களைப் பறித்து விதையெடுத்து வைப்பதும், ஓரிரண்டு பையில் நாற்று எப்போதும் தயாராக இருப்பதும் வளர்ப்பின் பகுதியே. காய் கிடைக்காத ஆண்டில் விதை புத்தளத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோதான் வர வேண்டும்.